உடலுறவில் வலி: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் சென்னை மருந்துக்கடையில் எதை வாங்கலாம், எதை விடலாம்

மெடிக்கல் ஷாப்பில் போய் "வறட்சிக்கு ஏதாவது ஜெல் இருக்கா" என்று கேட்டால், அடையாறிலும் சரி, புரசைவாக்கத்திலும் சரி, பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் கைக்கு வரும்: கே.ஒய். ஜெல்லி, ஆணுறை கம்பெனிகள் விற்கும் வாசனை ஜெல், அல்லது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த எஸ்ட்ரியால் கிரீம். மூன்றையும் ஒரே மாதிரி பேப்பரில் சுற்றித்தான் தருவார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து, ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கும் லெட்ரோசோல் மாத்திரை சாப்பிடுகிற பெண்ணுக்கு இந்த மூன்றும் ஒன்றல்ல. முதலாவது அரைகுறையாக உதவும். இரண்டாவது எரியவைக்கும். மூன்றாவதை ஆன்காலஜிஸ்ட்டிடம் (புற்றுநோய் டாக்டர்) கேட்காமல் தொடவே கூடாது.

இங்கே மதிப்பிடுவது அந்த மூன்றை மட்டுமல்ல. கடையில் கேட்டால் கிடைக்கும், ஆனால் யாரும் எடுத்துச் சொல்லாத இன்னும் சிலவும் உண்டு. அவற்றில் ஒன்று, எங்கள் கணிப்பில், மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் உதவக்கூடியது.

முதலில் வலி ஏன் வருகிறது என்று பார்த்துவிடலாம். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது அப்போதுதான் புரியும். அனாஸ்ட்ரோசோல், லெட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் ஆகிய மாத்திரைகள் உடலில் மிச்சமிருக்கும் ஈஸ்ட்ரோஜனையும் கிட்டத்தட்ட துடைத்துவிடும். இளம் வயதுப் பெண்களுக்கு 28 நாளுக்கு ஒருமுறை வயிற்றில் போடும் 3.6 மில்லிகிராம் கோசெரலின் ஊசி சினைப்பையையே தூங்கவைக்கிறது. கீமோவே சிலருக்கு மாதவிலக்கை நிறுத்திவிடும். ஈஸ்ட்ரோஜன் இல்லாத யோனியின் உள்தோல் மெலியும், மடிப்புகள் குறையும், நீளும் தன்மை போகும். 3.8 முதல் 4.5 வரை இருந்த pH அளவு 5-க்கு மேல் ஏறும், அதாவது அமிலத்தன்மை குறையும். நல்ல பாக்டீரியா குறையும், சிறுநீர்க் கடுப்பும் அடிக்கடி வரும். டேமாக்சிஃபென் சாப்பிடுபவர்களுக்கு வறட்சி பொதுவாக இவ்வளவு கடுமையாக இருக்காது, ஏனென்றால் அந்த மருந்து யோனியில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்கிறது. சிலருக்கு வெள்ளைப்படுதல்கூட அதிகமாகும். அதனால் பக்கத்து பெட்டில் இருந்தவருக்கு ஒத்துக்கொண்ட ஜெல் உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று முதலில் கேட்க வேண்டும்.

எங்கே வலிக்கிறது?

எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. செலவு இல்லாதது, ஆனால் நிறையக் காசை மிச்சப்படுத்தும். நல்ல வெளிச்சத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முன்னால் ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, உள் இதழ்களுக்கு நடுவே, யோனியின் வாசலைச் சுற்றி மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். கடிகார முகம் என்று வைத்துக்கொண்டால், மேலே சிறுநீர்த் துவாரம் 12 மணி, கீழே ஆசனவாய்ப் பக்கம் 6 மணி. ஈஸ்ட்ரோஜன் குறைந்த பெண்களுக்குப் பெரும்பாலும் 4 மணி முதல் 8 மணி வரையான அந்தக் கீழ்ப் பிறையில்தான் குச்சி பட்டதும் சுரீர் என்று இருக்கும். உள்ளே வலிக்கிறது என்று சொல்பவர்களில் பலருக்கும் வலி உண்மையில் இந்த வாசலில்தான்.

வாசலில் தொட்டாலே எரிந்தால், முதல் தீர்வு மரத்துப்போகச் செய்யும் மருந்தான லிக்னோகைன். வாசல் பரவாயில்லை, உள்ளே போகப்போக உரசி எரிகிறது, மறுநாளும் எரிச்சல் இருக்கிறது என்றால் ஈரப்பத ஜெல்லும் வழுக்கும் ஜெல்லும். விரல் நுனி நுழைந்ததுமே ஒரு சுவரில் மோதுவதுபோல் தசை இறுகினால் இடுப்புத்தளத் தசைப் (யோனியைச் சுற்றி அடியில் தாங்கும் தசை) பயிற்சியும், வாசலை மெல்ல விரியப் பழக்கும் டைலேட்டர் என்ற கருவியும். முழு ஆழத்தில் அடிவயிற்றில் இடிப்பதுபோல் வலித்தால் கடைச் சாமான் எதுவும் வேண்டாம், கைனகாலஜிஸ்ட் பார்த்து ஸ்கேன் எடுக்க வேண்டும். பலருக்கு முதல் மூன்றும் கலந்தே இருக்கும்.

அரிப்பும் தயிர்த்திரிபோல் வெள்ளைப்படுதலும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். கீமோவோடு கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறி இது வருவது சகஜம். தோல் வெளுத்துத் தாள்போல் மெலிந்திருந்தால் அது வேறு தோல் நோயாக இருக்கலாம். இரண்டையும் டாக்டர் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவார். இவற்றுக்கு மேலே எந்த ஜெல்லைத் தடவினாலும் வீண்.

லிக்னோகைன் 4% திரவம்: முதல் இடம்

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் நடந்து 2015-இல் வெளிவந்த ஆய்வு இது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து, உறவில் கடும் வலியோடு இருந்த 46 பெண்களில் ஒரு பாதிக்கு 4% லிக்னோகைன் திரவம், மறு பாதிக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று தெரியாது. பஞ்சில் நனைத்து வாசலில் மூன்று நிமிடம் வைக்க வேண்டும், பிறகு சிலிக்கோன் ஜெல் தடவிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பத்துக்கு இத்தனை என்று போட்ட வலி மதிப்பெண் உப்புநீர்க் குழுவில் 5.3-இல் நின்றது, லிக்னோகைன் குழுவில் 1-க்கு இறங்கியது. பிறகு எல்லோருக்குமே லிக்னோகைன் கொடுத்தபோது 41 பேரில் 37 பேர் வலியில்லாமல் முடிகிறது என்றார்கள். உறவையே விட்டிருந்த 20 பேரில் 17 பேர் மறுபடி தொடங்கினார்கள். கணவருக்கு மரத்துப்போனதாக ஒருவரும் சொல்லவில்லை.

இந்த மருந்து ஒன்றும் இறக்குமதிச் சரக்கு அல்ல. காது மூக்கு தொண்டை டாக்டர்களும் மயக்க மருந்து டாக்டர்களும் அன்றாடம் பயன்படுத்தும் பழைய மருந்து. தெருமுனைக் கடையில் பெரும்பாலும் இருக்காது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் பார்மசியில் கேளுங்கள். டாக்டர் சீட்டில் "லிக்னோகைன் ஹைட்ரோகுளோரைடு டாபிகல் சொல்யூஷன் 4%" என்று முழுசாக எழுதி வாங்குங்கள். வெறும் "சைலோகைன்" என்று லிக்னோகைனின் பிராண்டுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் நான்கு விதமாகக் கொடுப்பார்கள், மூன்று உதவாது. 10% ஸ்ப்ரேயில் ஆல்கஹால் இருக்கிறது, மெலிந்த தோலில் பட்டால் நெருப்பாக எரியும். அட்ரினலின் கலந்த ஊசி மருந்து இதற்கானதே அல்ல. 2% ஜெல்லி எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆனால் வலு பாதி, வேலை செய்ய நேரமும் கூடுதல், கொழகொழவென்று உள்ளே வழிந்து தேவையில்லாத இடத்தையும் மரக்கவைக்கும். 4% திரவம் கிடைக்கவே இல்லையென்றால் மட்டும் அதை வைத்துச் சமாளிக்கலாம்.

செய்முறையைச் சரியாகச் செய்தால்தான் பலன். சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். ஒரு பஞ்சு உருண்டையில் 2 முதல் 3 மில்லி திரவத்தை விட்டு, சொட்டாத அளவுக்குப் பிழியுங்கள். உள் இதழ்களை விலக்கி, 4 மணி முதல் 8 மணி வரையான பிறையில் பதியும்படி வையுங்கள். யோனிக்குள் தள்ளக் கூடாது. முதல் சில வினாடிகள் சுள்ளென்று இருக்கும், அது அடங்கும்போதே மரக்கத் தொடங்கிவிடும். கடிகாரம் பார்த்து மூன்று நிமிடம். ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டு "இது எனக்கு வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. பஞ்சை எடுத்து, ஈரத்தை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். அதற்குமேல் வழுக்கும் ஜெல். பழைய இடத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டுப் பார்த்து வலியில்லை என்று தெரிந்த பிறகே மேற்கொண்டு போகலாம்.

லிக்னோகைன் அலர்ஜி இருந்தவர்கள், இதயத் துடிப்புக் கோளாறுக்கு மருந்து சாப்பிடுபவர்கள், வலிப்பு உள்ளவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் தொடக் கூடாது. கிழிசல், புண், ரத்தம் தெரிந்தால் ஆறும்வரை வேண்டாம். பேப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை) எடுக்கும்போது உயிர் போகிற வலி என்று அந்தப் பரிசோதனையையே தள்ளிப்போடுகிறவர்கள், இதே பஞ்சு முறையைச் செய்துகொண்டு, யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெக்குலம் கருவியைச் சின்ன சைஸில் போடும்படி கேட்கலாம்.

ஒரு சந்தேகம் வரும்: வலியை மரக்கவைத்துவிட்டு உறவு கொள்வது, வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதற்குச் சமம்தானே? இல்லை. வலிக்கும் என்று மனம் எதிர்பார்த்தாலே இடுப்புத்தளத் தசை தானாக இறுகும், இறுகினால் வாசல் சுருங்கும், சுருங்கினால் இன்னும் வலிக்கும். நாலைந்து முறை வலியே இல்லாமல் நடந்தால்தான் அந்தப் பயம் விட்டுப்போகும். பொறுத்துக்கொள்வது பயத்தை வளர்க்கும். மூன்று நிமிடம் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லும் கணவருக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

வழுக்கும் ஜெல்கள்

தண்ணீரில் கரையும் ஜெல், சிலிக்கோன் ஜெல், எண்ணெய் என்று மூன்று வகை.

தண்ணீர் வகையில் கே.ஒய். ஜெல்லிதான் சென்னையில் எங்கும் கிடைக்கிறது. வாசனை இல்லை, துணியில் கறை படாது, ஆணுறையோடு ஒத்துப்போகும். குறை என்னவென்றால், சில நிமிடத்தில் காய்ந்து பிசுபிசுக்கத் தொடங்கும். அப்போது மேலும் மேலும் ஜெல்லைப் பிதுக்குவதைவிட விரலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தொட்டு வைத்தால் மறுபடி வழுக்கும்.

தண்ணீர் ஜெல்களின் பெரிய சிக்கல் கிளிசரின். கிளிசரினும் ப்ரொபிலீன் கிளைகாலும் அதிகமுள்ள ஜெல், உள்தோலின் செல்களிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்கும். நல்ல தடிமனான தோல் அதைத் தாங்கிவிடும். லெட்ரோசோல் சாப்பிடுபவரின் மெல்லிய தோல் தாங்காது, சுருங்கி உரிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2012-இல் கொடுத்த வழிகாட்டுதலில் ஜெல்லின் ஆஸ்மோலாலிட்டி (கரைந்திருக்கும் பொருளின் செறிவு) 380-க்குள் இருப்பது நல்லது, எப்படியும் 1200-ஐத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. pH 4.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். கிளிசரினையும் சேர்த்துக் கிளைகால் வகைகள் மொத்தம் 9.9 சதவீதத்தைத் தாண்டினாலே 1200-ஐத் தாண்டிவிடும். இங்கே விற்கும் டியூப்களில் இந்த எண்ணை அச்சிடுவது அபூர்வம். ஆனால் பின்பக்கத்தில் பொருட்களை அளவில் அதிகமானது முதலில் என்ற வரிசையில்தான் பெரும்பாலும் போடுவார்கள். தண்ணீருக்கு அடுத்த பெயரே கிளிசரின் என்றால், கே.ஒய். ஆனாலும் சரி, அந்த டியூபைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். குளோர்ஹெக்ஸிடின் என்ற பெயர் இருந்தாலும் வேண்டாம். அது கிருமிநாசினி, மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். பாராபென் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். ஜெல்லில் இருக்கும் சிறு அளவால் புற்றுநோய் திரும்பும் என்பதற்கு நிரூபணம் இல்லை. ஆனால் எரிச்சலுள்ள தோலுக்கு அது இல்லாததே மேல்.

ஆணுறை கம்பெனிகளின் ஸ்ட்ராபெரி, சாக்லேட், "வார்மிங்", "கூலிங்" ஜெல்கள் எதையும் இந்த நிலையில் வாங்க வேண்டாம். சூடேற்றும் பொருளும் மெந்தாலும் வாசனைத் திரவியமும் மெலிந்த தோலுக்கு ஆகவே ஆகாது. அதே கம்பெனிகளின் வாசனையில்லாத சாதா வகையை மட்டும் பொருள் பட்டியல் பார்த்து எடுக்கலாம்.

சிலிக்கோன் ஜெல்தான் வலி உள்ளவர்களுக்கு எங்கள் தேர்வு. டைமெத்திகோன், டைமெத்திகோனால் என்று இரண்டு மூன்று பெயர்களே பட்டியலில் இருக்கும். தண்ணீரே இல்லாததால் ஆஸ்மோலாலிட்டி பிரச்சினை கிடையாது, காயாது, நாலைந்து சொட்டில் காரியம் முடிந்துவிடும், ஆணுறையைக் கெடுக்காது. விலை தண்ணீர் ஜெல்லைவிடப் பல மடங்கு, கடைகளில் அரிதாகவே இருக்கும், ஆன்லைனில்தான் வாங்க வேண்டும். மொசைக் தரையில் சொட்டிவிட்டால் உடனே சோப்புத் தண்ணீரால் துடையுங்கள், எலும்பு தேய்ந்திருக்கும் நேரத்தில் வழுக்கி விழுவது சின்ன விஷயம் இல்லை. லெட்ரோசோல் எலும்பையும் மெலியவைக்கிறதே. சிலிக்கோன் டைலேட்டரோடு மட்டும் சிலிக்கோன் ஜெல்லைச் சேர்க்காதீர்கள், அதன் மேற்பரப்பு கெட்டுப் பிசுபிசுத்துவிடும்.

எந்த ஜெல்லானாலும் வாசலில் மட்டும் தடவினால் பாதிதான் பலன். வாசலிலும், விரலால் ஓர் அங்குலம் உள்ளேயும், கணவரின் உறுப்பிலும் அல்லது ஆணுறையின் மேலும், மூன்று இடத்திலும் தடவ வேண்டும்.

வீட்டுச் சாமான்கள்

தேங்காய் எண்ணெய் பற்றித்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆணுறை இல்லையென்றால் நல்ல சாய்ஸ். ஆனால் சமையலுக்கு விற்கும் வாசனை சேர்க்காத எண்ணெயாக இருக்க வேண்டும், செக்கெண்ணெய் என்றால் புதிதாக ஆட்டியது. மல்லிகை வாசனை, மூலிகை சேர்த்த கூந்தல் எண்ணெய் கூடவே கூடாது. சென்னையில் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய வருடம் முழுக்க உருகியே இருப்பதால் வழிந்து ஓடிவிடும். சின்னக் கிண்ணத்தில் ஃபிரிட்ஜில் வைத்து, உறைந்ததும் விரலால் வழித்து எடுத்தால் நிற்கும். சமையலுக்கு எடுக்கும் டப்பாவிலேயே விரல் விடாமல் தனியாக வையுங்கள். எண்ணெய் போட்டால் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வருகிறவர்கள் அதை நிறுத்திவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் இதே பிரச்சினைக்கு ஆலிவ் எண்ணெய், ஈரப்பத ஜெல், தசையைத் தளர்த்தும் பயிற்சி மூன்றையும் சேர்த்துக் கொடுத்து நடந்த சிறிய ஆய்வில் நல்ல பலன் கிடைத்தது.

ஆணுறை போடுகிறவர்கள் எந்த எண்ணெயையும் தொடக் கூடாது. சில நிமிடத்திலேயே லேட்டக்ஸ் இளகிக் கிழியும். இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாதவிலக்கு நின்றுவிட்டது என்று நம்பி இருக்கும்போது கருத்தரிக்கலாம், டேமாக்சிஃபென் வயிற்றிலிருக்கும் குழந்தைக்குக் கேடு. கர்ப்பத்தடை மாத்திரையும் இவர்களுக்கு ஆகாது. பெரும்பாலும் மிச்சம் இருப்பது காப்பர் டி-யும் ஆணுறையும்தான். ஆணுறையிலும் சாதா வகை மட்டும். "லாங் லாஸ்ட்" என்று விற்பதில் பென்சோகெய்ன் இருக்கும், புள்ளி வைத்தது உரசும். கீமோ நடக்கும் நாட்களில், ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு மூன்று நாளாவது ஆணுறை கட்டாயம்.

வேஸலின் வேண்டாம். கழுவினாலும் போகாது, பாக்டீரியா தொற்றுக்கு வழி. மாடியில் வளரும் கற்றாழையும் வேண்டாம், உள்ளிருக்கும் சதையோடு வரும் மஞ்சள் பால் தோலைப் புண்ணாக்கும். டெட்டால், மஞ்சள், வாசனை சோப்பு, உள்ளே பீய்ச்சிக் கழுவுவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள், வெளிப்பக்கத்தை வெறும் தண்ணீரால் கழுவினாலே போதும். நாட்டு மருந்துக் கடையில் "பெண்களுக்கான டானிக்" என்று கொடுப்பதில் தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கும். ஈஸ்ட்ரோஜன் சார்ந்த கட்டி இருந்தவர்கள் ஆன்காலஜிஸ்ட் சரி என்று சொல்லாமல் அதைச் சாப்பிடக் கூடாது.

ஈரப்பத ஜெல்

வழுக்கும் ஜெல் அந்த நேரத்துக்கு மட்டும். ஈரப்பத ஜெல் முகத்துக்குத் தினம் பூசும் கிரீம் மாதிரி, உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் போட வேண்டியது. பாலிகார்போஃபில் வகை, ஹையலுரானிக் அமில வகை இரண்டும் ஹார்மோன் இல்லாதவை. சாதாரண மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வாரம் 2 முறை என்று அட்டையில் போட்டிருக்கும். ஈஸ்ட்ரோஜன் அடியோடு போனவர்களுக்கு அது பற்றாது, வாரம் 3 முதல் 5 இரவு தேவைப்படும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் போட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். படுக்கப் போகும்போது போடுங்கள், பகலில் போட்டால் வழிந்துவிடும். அப்ளிகேட்டரால் உள்ளே விட்ட பிறகு, பட்டாணி அளவு எடுத்து வாசலிலும் தடவுங்கள். வலி இருக்கும் இடமே அதுதான், அங்கே தடவ யாரும் சொல்வதில்லை. பாலிகார்போஃபில் போட்ட மறுநாள் வெள்ளையாகத் திரித்திரியாக வரும். அரிப்பு இல்லையென்றால் அது ஜெல்லின் மிச்சம்தான், பூஞ்சை மாத்திரை வேண்டாம்.

உருகும் மாத்திரையாக வருவதை மே மாதத்தில் கூரியரில் வரவழைத்தால் பெட்டிக்குள்ளேயே கரைந்து வரும். ஜெல் டியூபாக வாங்குங்கள். முகத்துக்குப் பூசும் ஹையலுரானிக் சீரத்தை அதே பெயர்தானே என்று அங்கே விடாதீர்கள், அதில் வாசனையும் வைட்டமின் அமிலங்களும் இருக்கலாம்.

டைலேட்டரும் தசைப் பயிற்சியும்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்தவர்களுக்கு டைலேட்டர் கொடுப்பது வழக்கம். மார்பகத்துக்கு எடுத்தவர்களுக்கு யாரும் நினைப்பதில்லை. தசை இறுகியிருந்தால் இவர்களுக்கும் அது உதவும். படிப்படியாகப் பருக்கும் நான்கைந்து துண்டுகளாக வரும் மிருதுவான சிலிக்கோன் செட் வாங்குங்கள். கடினப் பிளாஸ்டிக் வேண்டாம். மெழுகுவத்தியில் ஆணுறை மாட்டிச் செய்யச் சொல்வதைக் கேட்காதீர்கள், உடையும்.

முழங்காலை மடக்கி மல்லாந்து படுத்து, தண்ணீர் ஜெல் தடவி, மூச்சை வயிறு உப்பும்படி இழுத்து விடும்போது, டைலேட்டரை மெல்ல முதுகெலும்பின் அடிநுனியை நோக்கிச் சாய்த்து நுழையவிடுங்கள். நேராக உள்ளே தள்ளினால் முன்பக்கச் சிறுநீர்ப்பையில் இடிக்கும். இறுகினால் அங்கேயே நிறுத்தி, இளகும்வரை மூச்சு மட்டும். ஒரு தடவைக்கு 10 நிமிடம், வாரம் 3 அல்லது 4 நாள். ஒரு அளவு மூன்று முறை வலியில்லாமல் போன பிறகே அடுத்தது. அவசரப்பட்டு இரண்டு அளவு தாண்டினால் கிழியும், கிழிந்தால் ஆரம்பப் புள்ளிக்கே திரும்ப வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே மந்திரமாக, இடுப்புத்தளத் தசையை இறுக்கி விடும் கெகல் பயிற்சி சொல்லிவிடுகிறார்கள். ஏற்கெனவே இறுகிய தசையை இன்னும் இறுக்கினால் வலி கூடும். முதலில் தளர்த்தக் கற்க வேண்டும். இடுப்புத்தளப் பிசியோதெரபிஸ்ட்கள் சென்னையில் இருக்கிறார்கள். பெரும்பாலும் பிரசவம், சிறுநீர்க் கசிவு என்றுதான் போர்டில் எழுதியிருக்கும். போனில் "உறவு வலிக்குப் பார்ப்பீர்களா, தளர்த்தும் பயிற்சி சொல்லிக்கொடுப்பீர்களா" என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கை வீக்கம், தோள் இறுக்கம், ஆபரேஷன் தழும்பின் வலி இருப்பவர்களுக்கு மல்லாந்த நிலை ஒத்துவராது. பக்கவாட்டில், ஆபரேஷன் செய்யாத பக்கமாகப் படுத்து, வீங்கும் கையை ஒரு தலையணை மேல் வைத்துக்கொள்ளலாம். ஆழமும் வேகமும் உங்கள் கையில் இருக்க வேண்டுமென்றால் நீங்கள் மேலே இருக்கும் நிலை.

எஸ்ட்ரியால் கிரீமும் லேசரும்

எவாலான் போன்ற எஸ்ட்ரியால் கிரீம் வறட்சிக்கு நன்றாக வேலை செய்யும். பிரச்சினை அது இல்லை. 2022-இல் வந்த டென்மார்க் ஆய்வில், யோனியில் போடும் ஈஸ்ட்ரோஜனால் மொத்தத்தில் நோய் திரும்புவது கூடவில்லை. ஆனால் லெட்ரோசோல் வகை மாத்திரையோடு சேர்த்துப் போட்டவர்களில் திரும்புவது 39 சதவீதம் கூடுதலாக இருந்தது. 2023-இல் வந்த பிரிட்டன் ஆய்வில் மார்பகப் புற்றுநோயால் இறப்பது கூடவில்லை. அதனால் ஹார்மோன் இல்லாதவை எல்லாவற்றையும் போதுமான நாள் முயன்று பார்த்தும் பலன் இல்லையென்றால், ஆன்காலஜிஸ்ட்டும் கைனகாலஜிஸ்ட்டும் சேர்ந்து முடிவெடுக்கலாம். டேமாக்சிஃபெனுக்கு மாற்ற முடியுமா என்பதையும் அப்போது கேட்கலாம். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். புற்றுநோய்ச் சிகிச்சை நடந்தது தெரியாத டாக்டர் எழுதிக் கொடுத்த கிரீமை, "எல்லோரும் போடுறாங்க" என்ற கடைக்காரர் பேச்சை நம்பிப் போடுவதுதான் ஆபத்து.

லேசருக்கு எங்கள் பதில் வேண்டாம் என்பதே. நகரின் அழகு கிளினிக்குகள் "யோனி புத்துணர்ச்சி" என்று பேக்கேஜ் போட்டு விற்கின்றன. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-லேயே இதை எச்சரித்தது. 2021-இல் வந்த ஆய்வில் லேசரும், ஒப்பிட்டுப் பார்க்கச் செய்த பொய் லேசரும் ஒரே பலனைத்தான் தந்தன. லெட்ரோசோல் வகை மாத்திரை சாப்பிடும் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடமே செய்து 2023-இல் வந்த ஆய்விலும் அதே கதைதான். அந்தக் காசில் மேலே சொன்ன அத்தனையையும் வாங்கிவிட்டு பிசியோதெரபிஸ்ட்டுக்கும் கொடுக்கலாம்.

டாக்டரிடம்

உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால், டேமாக்சிஃபென் சாப்பிடும்போது எப்போது ரத்தக்கசிவு வந்தாலும், ஜெல் தேடக் கூடாது. உடனே கைனகாலஜிஸ்ட். அந்த மாத்திரை கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்கவைக்கும், பரிசோதித்தே ஆக வேண்டும். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் செலவில்லாமல் பார்க்கலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் மனநல ஆலோசனைக்கென்றே புற்றுநோய் உளவியல் துறை இருக்கிறது.

ஓ.பி.யில் மேசையைச் சுற்றி நாலு பேர் நிற்கும்போது இதை வாய்விட்டுச் சொல்ல நா எழாது. வீட்டிலேயே ஒரு சீட்டில் எழுதி ஃபைலின் மேல் குத்திக் கொண்டுபோங்கள்: என்ன மாத்திரை, எத்தனை மாதமாக, உறவில் வலி வாசலிலா உள்ளேயா, ரத்தம் உண்டா, இதுவரை போட்ட ஜெல்லின் பெயர். கீழே ஒரு வரி, "லிக்னோகைன் 4% டாபிகல் சொல்யூஷன் எழுதித் தர முடியுமா?" மாத்திரை அட்டையையும் பாதி தீர்ந்த டியூபையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பொருள் பட்டியலைப் பார்த்ததும் எரிச்சலின் காரணம் டாக்டருக்கு அங்கேயே தெரிந்துவிடலாம்.